என் கால் தேய்த்த கிளட்ச்

ஜூலை 8, செவ்வாய்

இன்றும் கியர் விழவில்லை. மரப்பாலம் சிக்னலில் பச்சை விழுந்து, பின்னால் நிற்கிறவர்கள் எல்லாம் ஹாரனில் கையை வைத்துக்கொண்டு நிற்க, நான் ஃபர்ஸ்ட் கியரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கர்ரென்று ஒரு சத்தம். இவர் கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இடது கையால் இறுக்கிக்கொண்டார். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு இவருக்கு மிச்சமிருக்கிற நல்ல கை அதுதான். நான் ஓட்டும்போதெல்லாம் அது அங்கேதான் இருக்கும், டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர் மாதிரி.

தவளக்குப்பத்தில் பிசியோதெரபி முடிந்து திரும்பும்போது, "உனக்கு... வராது, வல்லி" என்றார். பேச்சு இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. திரும்பி வந்த பேச்சு இது.

இந்த வயசில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் சின்னப் பசங்களோடு வரிசையில் நின்றேனே, யாருக்காக?

ஜூலை 9, புதன்

சர்வீசுக்கு நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் வேலை பார்க்கிற தபால் ஆபீசில் பெர்மிஷன் கேட்டதற்கு, "மறுபடியுமா மேடம்?" ஆமாம், மறுபடியும்தான்.

ஜூலை 10, வியாழன்

மேட்டுப்பாளையம். வண்டி வாங்கிய கம்பெனியின் சர்வீஸ் ஷெட். அங்கே கஸ்டமர்களிடம் பேசுகிற பையன் சிலம்பரசன். நம் பையன் பிரேம்குமார் வயசுதான் இருக்கும். வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தான்.

"கிளட்ச் தேஞ்சி போச்சி மேடம். மாத்தணும்."

"வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆவலியே தம்பி?"

"வண்டி நல்ல வண்டிதான் மேடம். நீங்க ஹாஃப் கிளட்ச்லயே ஓட்றீங்க." என் காலைப் பார்த்தான். "செருப்பும் போடறதில்ல போல. அதான் கால் போய் கிளட்ச் மேலயே குந்திக்குது. ஓட்றவங்களால தேஞ்சதுக்கு வாரண்டி வராது."

டாஷ்போர்டில் பிள்ளையார் இருக்கிறார். நான் செருப்பைப் பின்சீட்டுக்குக் கீழே விட்டுவிட்டுத்தான் ஓட்டுவேன். அது ஒரு குற்றமா?

தேய்ந்ததைக் காட்டு என்றேன். கழற்றினால்தான் தெரியுமாம். கழற்றினால் மாற்றியே ஆக வேண்டுமாம். "அப்ப பாக்காமலே எப்படி தெரிஞ்சிச்சி?" என்றேன்.

"அனுபவம் மேடம்."

சிரித்துக்கொண்டே, மரியாதையாகச் சொன்னான். அதுதான் பற்றிக்கொண்டு வருகிறது. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வாட்டர் வாஷ் மட்டும் செய்து, கால் மேட்டை ஈரத்தோடு டிக்கியில் போட்டுக் கொடுத்தார்கள்.

இரவு பெங்களூரிலிருந்து பிரேம் போன். "அம்மா, நான் வண்டி கம்பெனிகிட்ட பேசிட்டேன். அவங்களே வண்டிய வெலைக்கு எடுத்துக்கறாங்களாம். சனிக்கிழமை வந்து வண்டிய பாப்பாங்க. இனிமே ஆட்டோல போயிட்டு வாங்க. உனக்கும் டென்ஷன் இல்ல."

என்னிடம் கேட்கவில்லை. தகவல் சொல்கிறான். இவர் கட்டிலில் இருந்தபடி தலையை ஆட்டுகிறார்.

ஆட்டோவாம்! போன வருஷம் ஆட்டோவில் போன லட்சணம் மறந்துபோச்சா? கால் தூக்க முடியாமல் இவர் படியில் சரிய, டிரைவரும் நானும் மூட்டை மாதிரி உள்ளே தள்ளினோம். தெருவே பார்த்தது. இவர் அழுதார். அதற்குப் பிறகு மூன்று வாரம் பிசியோதெரபிக்கே வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அதனால்தானே நான் வண்டி கற்றுக்கொண்டேன். வண்டி போனால் இவர் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். அவ்வளவுதான். எனக்கு வேறு பயம் இல்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஷெட்டிலிருந்து வீடு வரைக்கும் கியர் ஒரு சத்தமில்லாமல் விழுந்தது. தேய்ந்த கிளட்ச் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் சரியாகுமா?

ஜூலை 11, வெள்ளி

ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

காலையில் மேட் காய்ந்திருந்தது. விரித்துப் போட்டு, இவரை ஏற்றிக்கொண்டு பிசியோதெரபிக்குக் கிளம்பினேன். நூறடி ரோடு பாலத்தில் லாரிக்குப் பின்னால் நின்று, நின்ற இடத்திலிருந்தே ஏறினேன். வண்டி சொன்னபடி ஏறியது. கிளட்ச் தேய்ந்தால் என்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. அப்போ இது தேயலையே! ஆனால் கியர் மட்டும் பழையபடி கர்ர்... நேற்று விழுந்த கியர் இன்றைக்கு ஏன் விழவில்லை?

சிக்னலில் கிளட்சை அழுத்திக்கொண்டு நின்றபோது, கட்டைவிரலுக்குக் கீழே என்னவோ மெத்தென்று தட்டுப்பட்டது. செருப்பு போட்டிருந்தால் தெரிந்தே இருக்காது.

இவரை பிசியோதெரபி அறையில் விட்டுவிட்டு வந்து குனிந்து பார்த்தேன். மேட். போன மாதம் சர்வீசில் இலவசம் என்று அவர்களே போட்டுக் கொடுத்த தடி மேட். முன்னால் வழுக்கிப் போய், கிளட்ச் பெடலுக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது. பெடல் முழுசாக உள்ளே போகாமல் தடுத்தது அதுதான். அடியில் இருக்கும் பழைய மேட்டுக்கு வாங்கின அன்றைக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையை நாங்கள் பிரிக்கவே இல்லை. புது வண்டி, அழுக்காகக் கூடாது என்று இவர் போட்ட சட்டம். பிளாஸ்டிக் மேல் மேட் வழுக்காமல் என்ன செய்யும்?

மேட்டை உருவினேன். பெடல் இன்னும் உள்ளே போனது. ஃபர்ஸ்ட், செகண்ட், ரிவர்ஸ். சத்தமே இல்லை.

வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். ஒரு மாசமா என் காலு, என் காலுன்னு நானே என்னைத் திட்டிக்கிட்டு இருந்தேனே. பாவி.

ஜூலை 12, சனி

சிலம்பரசன்தான் வண்டி பார்க்க வந்தான். "ஒக்காருப்பா" என்று டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். மேட்டைப் பழையபடி பெடலுக்கு அடியில் வைத்துவிட்டு கியர் போடச் சொன்னேன். கர்ர். உருவினேன். "இப்ப போடு."

போட்டான். மறுபடி போட்டான். காது சிவந்துவிட்டது.

"மேட்டு... ஃப்ரீ கிஃப்ட்தான் மேடம் அது."

"நல்ல கிஃப்ட் தம்பி. எடுத்துக்கினு போ."

கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். பிரேமிடம் சொன்னேன். "ஓ... அப்ப இருக்கட்டும்மா வண்டி" என்றான். ஒரு ஸாரி வாயில் வரவில்லை. போகட்டும்.

இவர் வாசலில் நாற்காலி போட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் கஞ்சி கொடுக்கும்போது, "பிளாஸ்டிக்... நான்தானே?" என்றார்.

மனசில் எத்தனையோ இருந்தது. "மேட்ட போட்டது அவனுங்கதாங்க" என்றேன். வாயைத் துடைத்துவிட்டேன். ஜெயித்த மாதிரியெல்லாம் இல்லை. முதுகு வலிக்கிறது.

ஜூலை 14, திங்கள்

பீச் ரோட்டில் பிரெஞ்சுக்காரர்களின் ஜூலை பதினாலு தேசிய தினக் கொண்டாட்டம், பாண்டு சத்தம் ஆபீஸ் வரைக்கும். கவுண்டரில் கூட்டம். வீட்டுக்கு வந்தால் இவர், "சீட்... பிளாஸ்டிக்கும் பிரிச்சிடு" என்கிறார். பிரித்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

மரப்பாலம், முருங்கப்பாக்கம், ஒரு தடங்கலும் இல்லை. அரியாங்குப்பம் தாண்டும்போது பக்கத்தில் சத்தமே இல்லையே என்று திரும்பிப் பார்த்தேன். கைப்பிடி காலியாக இருந்தது. இடது கை மடியில் கிடந்தது. வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார்.

தவளக்குப்பம் வந்துவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். டோக்கன் கூப்பிட இன்னும் நேரம் இருந்தது. எழுப்பவில்லை.