சிறகு வைத்த விதைகள்

க்ளிப்பாட், நமக்வாலாந்து
ஆகஸ்ட் 18, திங்கள்

என் அக்கா மகள் திரீகாவுக்கு மாமா சாரெல் அன்புடன் எழுதுவது.

எல்லாவற்றையும் நான் முன்பே சொன்னேன். மே ஒன்பதாம் தேதி மழை வரும் என்றேன், வந்தது. (பதினொன்றில்தான் வந்தது. மேகத்துக்கு நாட்காட்டி படிக்கத் தெரியாவிட்டால் நான் என்ன செய்ய?) ஆகஸ்டில் டெய்சி பூக்கும் என்றேன், பூத்திருக்கிறது. கேப் டவுன் விதைக்கடை வேலையை விட்டுவிட்டு நீ ஊர் திரும்புவாய் என்றும் சொன்னேன். வரும் வெள்ளிக்கிழமை ராஜினாமா கொடுக்கப் போவதாக நீ எழுதியதை உன் அம்மா தோட்டத்து வலைக்கு வெளியே நின்று மூன்று தடவை படித்துக் காட்டினாள்.

சுரங்கக் கம்பெனி தோண்டிப் போட்ட மணலில் பூ வளர்த்துக் காட்டுகிறோம் என்று பேசி, இந்தத் துண்டு நிலத்தை வாங்கித் தந்தவள் நீ. சனிக்கிழமை அவர்கள் அதிகாரி வந்து பார்த்துத் தலையாட்டினால் மொத்த நிலமும் ஊருக்கு, விதைப்பண்ணை வேலை உனக்கு. எதையும் நான் மறக்கவில்லை.

ஆறு வாரமாக நான் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறேன். காற்று மணலை அள்ளாமலிருக்க நாலு பக்கமும் கட்டிய, வெளியிலிருந்து உள்ளே தெரியாத அடர்ந்த வலைக்குள் ஒரு பாய்க்குடிசை போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டேன். மனித மூச்சுப் பட்டால் நாற்று கருகிவிடும், இதை நாலாம் வகுப்பிலேயே படித்தேன் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். ரொட்டியை உன் அம்மா வலைக்கு மேலே வீசுகிறாள். ஆட்டுக்கார கெர்ட் மட்டும் தினமும் வந்து, "யோவ் சாரெல், எங்க மூச்சு பட்டா கருகுது, ஒன் மூச்சு மட்டும் பன்னீராய்யா?" என்று கத்துகிறான். நான் இருமிச் சமாளிக்கிறேன். வெளியே போனால் யாராவது எட்டிப் பார்த்துவிடுவார்கள். உள்ளே இருந்தால் நான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நாற்று கணுக்கால் உயரம் என்று ஜூலையில் எழுதினேன். பூத்திருப்பது உண்மைதான் திரீகா. தோட்டத்தில் இல்லை, கெர்ட்டின் ஆட்டுப்பட்டிச் சுவரோரம்.

டெய்சியின் இரண்டு வித விதையையும் நீ கலந்து அனுப்பி, அப்படியே தூவச் சொல்லியிருந்தாய். என்னுடையது கோதுமை தூற்றிய கை. முறத்தில் போட்டுத் தூற்றினேன். காகிதச் சிறகு மாதிரி இருந்ததெல்லாம் பதர் என்று காற்றோடு விட்டேன். குச்சி போலக் கனமாக நின்றதை மட்டும் விதைத்தேன். "டேய், அவ சொன்னபடி செய்டா, ஒன் மேதாவித்தனத்த இதுல காட்டாத" என்று உன் அம்மா அப்போதே திட்டினாள். "வெதைன்னா கனமா இருக்கணும்க்கா, ஒனக்கென்ன தெரியும்?" என்றேன்.

விதையோடு நீ வைத்திருந்த தாளைப் போன மாதம்தான் கடைசி வரி வரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். சிறகு வைத்தது அந்த வருஷமே முளைக்குமாம். கனமானது, ஒரு வருஷம் மழை பொய்த்தால் அடுத்த வருஷத்துக்கு ஆகட்டும் என்று மண்ணுக்குள் தூங்கிக்கொண்டே இருக்குமாம். நான் விட்ட சிறகையெல்லாம் காற்று பட்டிச் சுவரில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறது. ஆடு மேய்ந்தது போக மிச்சமே கண் கூசும் ஆரஞ்சு. இங்கே மணல். வெறும் மணல்.

ஆனால் நீ கவலைப்படாதே. நேற்று அந்த அதிகாரியின் வண்டியை நடுரோட்டில் நிறுத்தினேன். "தப்பு என்னுது சார், பொண்ணு மேல ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி, "இப்படி ஒரு மனுஷனை நான் பாத்ததில்ல, அடுத்த வருஷம் வரைக்கும் பொறுக்கறோம்" என்றார். ஆகவே வேலையை விடாதே. சனிக்கிழமை இவ்வளவு தூரம் வரவும் வேண்டாம். நீ எங்கிருந்தாலும் தேவன் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

உன் மாமா,
சாரெல் சால்

உறையை ஒட்டப் போனேன். ஒட்ட முடியவில்லை. வேலையை விடாதே, அது அப்படியே இருக்கட்டும். ஆனால் சனிக்கிழமை மட்டும் வந்துவிடம்மா. நான் இந்தப் பூட்டைத் திறக்கும்போது என் பக்கத்தில் நில். அதிகாரியிடம் நான் பேசவே இல்லை. அவர் தொப்பி போடுகிறவரா என்றுகூட எனக்குத் தெரியாது.