கரும்பொருளும் ஒரு ‘ப்’பும்

ஜூலை 8, செவ்வாய்

விடியலிலிருந்து பனி. துணி காயவில்லை. இவர் எஸ்டேட் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தார். சேலத்தில் ஸ்கேன். கருப்பையில் கரு வளரும் பை தெரிகிறது. பைக்குள் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர்: “சிலதுக்கு லேட்டாத் தெரியும்மா. அடுத்த செவ்வாய் பாத்துருவோம்.” எனக்கு நாற்பத்திரண்டு வயசு. அத்தனை ஊசி. இன்னும் ஒரு வாரம்.

குமட்டல் மட்டும் குறையவில்லை.

ஜூலை 10, வியாழன்

சனிக்கிழமை பள்ளியில் என் பேச்சு, பெற்றோருக்கும் சேர்த்து. கரும்பொருளை, அதாவது டார்க் மேட்டரை, பார்ப்பதில் என்ன சிரமம்? குறிப்பு எழுதினேன். ஒளி விடாது. ஒளியைத் தடுக்கவும் செய்யாது. இழுப்பு மட்டும் உண்டு. விண்மீன் கூட்டத்தின் ஓரத்து நட்சத்திரங்கள் அவ்வளவு வேகமாகச் சுற்றியும் சிதறவில்லையே, ஏதோ பிடித்து வைத்திருக்கிறது. வேறு எதுவும் வந்து குழப்பாமல் இருக்க, பூமிக்கு அடியில் திரவத் தொட்டியில் கருவி வைத்துக் காத்திருக்கிறார்கள். இதுவரை உறுதியாக எதுவும் சிக்கவில்லை.

அதற்கு மேல் எழுத வரவில்லை. கேஸ் புக் பண்ணணும்.

ஜூலை 12, சனி

மழை. நோட்டீஸ் அடித்தவர் ‘ம்’மை எடுத்துவிட்டு ‘ப்’ போட்டிருக்கிறார். “கருப்பொருளைக் காண்பதில் உள்ள சிரமங்கள்.” முன் வரிசையில் நாகலூர் அம்மா ஒருவர், மாசமான மருமகளோடு.

“ஏனுங்க டீச்சர், கரு பாக்கற டாக்டரம்மா எப்ப வருவாங்க?”

“இது வேறங்க. வானத்துல இருக்கறது.”

“இதுக்கா பஸ்ஸுக்குக் காத்துக்கெடந்து வந்தோம்!”

மருமகளுக்குச் சிரிப்பு. “இருங்கத்தே, மழ விடட்டும்.”

இருந்தார்கள். கடைசியில் மருமகள்தான் கேட்டாள். “தேடித் தேடிக் கெடைக்கலீன்னா, இல்லீன்னு எப்பங்க முடிவு பண்ணுவாங்க?”

“இன்னும் நுணுக்கமா ஒரு கருவி செஞ்சு, திரும்பத் தேடுவாங்க.”

“நொம்பப் பொறுமதானுங்க!” என்றார் மாமியார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

இவரிடம் கேட்டேன், இருக்குமா என்று. “சயின்ஸ் படிச்சது நீதான, என்னையக் கேக்கற?” சண்டை. அப்புறம் பாத்திரம் எல்லாம் அவரே கழுவினார்.

ஜூலை 15, செவ்வாய்

டாக்டர் திரையை வெகுநேரம் பார்த்தார். இன்னொரு டாக்டரையும் கூப்பிட்டார். “வளரலைம்மா.” பை காலி. மாத்திரை கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை வரணும்.

மலையேறும் பஸ்ஸில் கண்டக்டர்: “எத்தன பேருங்க?”

இவர் பணத்தை நீட்டியபடி நின்றார்.

நான்தான் சொன்னேன். ரெண்டு.