கண்ணாடித் தொட்டியில் வெள்ளைச் சாரை

அன்புள்ள சிவகாமு,

ரசம் அடுப்பின்மேல் இருக்கிறது, சூடுபடுத்திச் சாப்பிடு. நான்கு மணிக்குக் கல்லூரி விலங்கியல் துறையிலிருந்து ஆள் வருவார். பாம்பின் உடல் ஃபிரிட்ஜின் மேல்தட்டில் இருக்கிறது. அவரிடம் மட்டும் கொடு.

மூன்று நாளாக நீ என்னோடு பேசவில்லை, அது நியாயமே. மேல்பட்டாம்பாக்கத்து வயலில் அறுவடை இயந்திரத்துக்குத் தப்புவித்து நீ கொண்டுவந்த உயிர் அது. "என்னங்க, இது சாமி இல்ல. நெறமில்லாம பொறந்திருக்கு, அவ்ளோதான். சாயங்காலம் போய் விட்டுடலாம், வெயில்ல மட்டும் வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பாடம் நடத்தப் பள்ளிக்குப் போனாய்.

எனக்கோ அது திருநீறு பூசிய மேனியாகத் தெரிந்தது. தெருவார் தரிசிக்கட்டும் என்று நடுப்பகலில் தொட்டியை வாசலுக்குக் கொணர்ந்து பதிகம் பாடினேன். அது தலைதூக்கிக் கண்ணாடியில் மோதியதை ஆடல் என்று எண்ணினேன். பதிகத்தை இடையில் நிறுத்தலாகாது என்று பதினோரு பாட்டையும் முடித்தேன். அதற்குள் அது அடங்கிவிட்டது.

"உங்க பாட்டக் கேட்டே முக்தி அடஞ்சிடுச்சு சாமி" என்றார் பக்கத்து வீட்டுக் கார்த்திகேசன். நான் மறுக்கவில்லை. உடலை வாங்கித் தெருமுனையில் புதைத்து மேடை கட்ட, இன்று ஐந்து மணிக்கு ஊராரோடு வருகிறார்.

கோயிலில் இன்று மாலை பாடும் முறை என்னுடையது. வேறொருவரைப் பாடச் சொல்லிவிட்டு ஐந்துக்குள் திரும்புவேன்.

பி.கு: கதவை நானே திறக்கிறேன். அது முக்தியன்று, வெயிலில் வெந்து செத்தது, நான் பாடிக்கொண்டு நின்றேன் என்று அவர்களிடம் சொல்வேன். அப்போது நீ அருகில் நின்றால் போதும். பேசவேண்டாம்.

நடனசபாபதி