ரோட்டைப் பார்த்துக் கட்டிய ஸ்பீக்கர்

இன்று காலை தென்னேரியில் ஒரு காதுகுத்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தேன். ஏரிக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு சாவு போலிருக்கிறது. தத்துவப் பாட்டு தண்ணீரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. எதுவும் நிலையில்லை என்று பாடகர் உருகி இழுக்கிற இடத்தில் பாட்டு டக்கென்று நின்றது. ஒரு பெண் கலகலவென்று சிரித்து, உங்களுக்கு முடி கொட்டுகிறதா என்று கேட்டாள். அவள் பேசி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடி எதுவும் நிலையில்லை. எவனோ ஒரு சவுண்ட் சர்வீஸ்காரன் நடுவில் விளம்பரம் வருகிற போனில் பாட்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறான். பந்தல் கால் மேல் நின்றிருந்த எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. உன்னிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாய் என்று சட்டைப் பையில் போனைத் தேடினேன். அப்புறம்தான் உறைத்தது.

அதனால் எழுதுகிறேன். உத்திரமேரூரைச் சுற்றி எந்த ஊரில் சாவு விழுந்தாலும் பந்தல் என்னுடையது, ரேடியோ செட் உன்னுடையது. கல்யாணத்துக்கும் அப்படித்தான். ஆனால் கல்யாணத்தில் யாரும் நம்மை நினைவு வைத்துக்கொள்வதில்லை. சாவு வீட்டில் நினைவு வைத்துக்கொள்வார்கள். வருகிற வழியெல்லாம் உன் பாட்டைக் கேட்டுத்தான் வீட்டைக் கண்டுபிடித்து வருவார்கள். ஊரில் பாதிப் பேரை வழியனுப்பியது உன் பாட்டுதான். உனக்கு மட்டும் ஒரு பாட்டும் இல்லை. உங்கள் வழக்கத்தில் மையத்து வீட்டில் பாட்டு கிடையாது. தெரியும். தெரிந்தும் எனக்கு அது ஆறவில்லை. இத்தனை மாதமாக இதையேதான் மென்றுகொண்டிருக்கிறேன்.

வரியா ராகமா என்கிற நம் சண்டை எப்படி ஆரம்பித்தது என்று நினைவிருக்கிறதா? தாமல் பக்கம் ஒரு பெரியவர் சாவு. கேசட் காலம். நீ அவசரத்தில் கேசட்டைத் திருப்பிப் போட்டுவிட்டாய். தத்துவப் பாட்டுக்குப் பதிலாக, காதலி கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று ஒருவன் புலம்புகிற பாட்டு ஓடியது. மெதுவான பாட்டுதான். அதுவரை அழாமல் உட்கார்ந்திருந்த மருமகன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கயிற்றுக் கட்டிலில் இருந்த ஒருவர், “இன்னா தத்துவம்பா! இப்பல்லாம் யாரு இப்டி எழுதறான்?” என்று தலையாட்டினார். நான் பந்தல் மறைவில் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

திரும்பி வரும்போது வண்டியில் நீ கேட்டாய். “பாத்தியா நைனா? வரில ஒண்ணும் இல்ல. அல்லாம் ராகத்துல கீது.”

எனக்குச் சுருக்கென்றது. நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படிக்கிறவன் என்கிற திமிர் எனக்கு. தத்துவம் என்றால் சொல், சொல்லுக்குப் பொருள், அதை யோசிக்கிற புத்தி. ராகம் அதைத் தூக்கிக்கொண்டு வருகிற வண்டி, அவ்வளவுதான் என்றேன். “வண்டி மட்டும் வந்தா போதும்னா, சாவு வூட்டுக்கு வெறும் தம்பட்டம் அடிச்சாலே ஆச்சே, பாட்டு எதுக்கு?” என்றேன். நீ விடவில்லை. “தம்பட்டம் கேட்டா காலு ஆடும். பாட்டு கேட்டா காலு நிக்கும். நின்னு யோசிப்பான். இன்னா யோசிக்கிறான்னு அவனுக்கே தெரியாது. அதான் தத்துவம்” என்றாய். போய்யா, பெரிய ஞானி என்று நான் சொன்னதும் வண்டியை வேண்டுமென்றே பள்ளத்தில் இறக்கினாய்.

உன் வேலையில் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. எல்லா ரேடியோ செட்காரனும் கூம்பு ஸ்பீக்கரைச் சாவு வீட்டைப் பார்த்துக் கட்டுவான். நீ மட்டும் வெளியே பார்த்துத் திருப்பிக் கட்டுவாய். ரோட்டைப் பார்த்து ஒன்று, வயலைப் பார்த்து ஒன்று. கல்யாண வீட்டில் உள்பக்கம் பார்த்துத்தான் கட்டுவாய். சாவு வீட்டில் மட்டும் இந்த ஏறுமாறு. திருப்புலிவனத்தில் ஒரு சாவில் செத்தவரின் மச்சான் உன்னிடம் எகிறிக்கொண்டு வந்தார்.

“யோவ், எங்க வூட்டு சாவுக்குப் பாட்டு வெச்சுக்கினு ஊருக்குப் போட்டுக்கினு கீற? எங்களுக்கே கேக்கலையே!”

நீ ஒயரைச் சுற்றிக்கொண்டே பதில் சொன்னாய். “உங்களுக்கு எதுக்குண்ணே பாட்டு? உள்ள அழுவுற சத்தம் கீதில்ல. நிலையில்லைன்னு அந்தம்மாவுக்கு நான் சொல்லணுமா? அவங்களுக்குத்தான் இப்ப நல்லாத் தெரியுமே. ரோட்டுல மாடு ஓட்டிக்கினு போறான் பாருங்க, அவனுக்கு இது தெரியாது. அவனுக்குத்தான் போடறேன்.”

மச்சான் என்னைப் பார்த்தார். இவன் கொஞ்சம் ஒரு மாதிரிங்க, விடுங்க என்று நான் சமாதானம் செய்து அனுப்பினேன். அன்றைக்கு ராத்திரி வரை உன்னைக் கிண்டல் செய்தேன். ஆனால் நீ சொன்னதில் ஏதோ இருந்தது. தத்துவம் தூரத்து ஆளுக்குத்தான் ஏறும், பக்கத்தில் இருப்பவனுக்கு ஏறாது என்பது உன் கட்சி. பாட்டு எந்தத் துக்கத்தையும் கொஞ்சம் தள்ளி வைத்துக் காட்டும். தள்ளி வைக்க முடியாதவனுக்கு அதனால் பயனில்லை. புத்தகத்தில் இதை எங்கும் நான் படிக்கவில்லை. இருந்தாலும் ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. நல்ல வரியாக இருந்தால் பக்கத்து ஆளுக்கும் ஏறும் என்று அடம்பிடித்தேன்.

அப்புறம் என் வீட்டில் சாவு வந்தது.

என் வீட்டுக்காரிக்கு முதல் நாள் மாலையில்தான் நெஞ்சுவலி என்று கொண்டுபோனோம். மறுநாள் விடியும்போது திரும்பக் கொண்டுவந்தோம். எங்கள் வாசலில் யார் பந்தல் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் வேலை செய்கிற பையன்கள்தான் போட்டிருப்பார்கள். யார் யாரோ வந்து கையைப் பிடித்தார்கள். சாயங்காலம் எடுத்தார்கள். காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, பஜாரில் நாஷ்டா சாப்பிடும்போது உன்னிடம் கேட்டேன். இட்லியைப் பிட்டபடியே, பெரிய விஷயமில்லாத மாதிரி கேட்டேன். மனசுக்குள் கோபம்.

“அன்னிக்கு நீ ஏம்பா பாட்டு போடல?”

நீ சாப்பிடுவதை நிறுத்திவிட்டாய்.

“காலைலேர்ந்து எடுக்கற வரைக்கும் ஓடிச்சே நைனா.”

“பொய் சொல்லாத. ஒரு பாட்டுகூட நான் கேக்கல.”

“சத்தியமா.”

“அப்ப வழக்கம் மாதிரி ரோட்டப் பாத்துத் திருப்பி வெச்சிருப்ப. எனக்கு எப்படிக் கேக்கும்?” என்று கத்தினேன். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நீ குரலை இறக்கிச் சொன்னாய். “ரோட்டப் பாத்தும் வெச்சேன். உனக்குன்னு உள்பக்கமா ஒண்ணு வெச்சேன். வரி வரின்னுவியே, அதுக்கு. உன் தலைக்கு மேலதான் கட்டினேன், நீ உக்காந்திருந்த சேருக்கு நேரா.”

அன்றைக்குக் கேட்ட மற்ற சத்தங்களெல்லாம் நினைவில் இருந்தன. தண்ணீர்க் குடம் தரையில் உரசியது, யாரோ சின்னம்மா ஒருத்தி விடாமல் தும்மியது, வாசலில் ஒரு வண்டி கிளம்பாமல் உறுமியது. பாட்டு மட்டும் இல்லை. தலைக்கு மேல் நாளெல்லாம் பாடியிருக்கிறது, என் காதில் ஒரு வரி ஏறவில்லை. நீ ஜெயித்துவிட்டாய். அதைச் சொல்லிக் காட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ சொல்லவில்லை. இன்னொரு வடை கொண்டுவரச் சொல்லி என் இலையில் வைத்தாய். அந்தச் சண்டையை அதற்குப் பிறகு நீ எடுக்கவே இல்லை. ஊரில் அவ்வளவு வாயாடியான நீ அதை அப்படியே விட்டதுதான் எனக்கு இன்றைக்கும் பெரிதாகப் படுகிறது.

உன் சாவு பற்றி எழுத அதிகம் இல்லை. சிறுநீரகம் கெட்டுச் செங்கல்பட்டுக்கும் வீட்டுக்குமாக அலைந்தாய். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை போனாய். உன் வாசலில் பந்தலை நானே போட்டேன், பையன்களைத் தொட விடவில்லை. குளிப்பாட்டினார்கள், தொழுதார்கள், தூக்கினார்கள். கபர்ஸ்தானில் எல்லோரோடும் சேர்ந்து நானும் மண் போட்டேன். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. ஒரு பேஜார் இல்லை, கூச்சல் இல்லை. நான் மட்டும் அடிக்கடி பந்தல் காலின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கர் கட்ட வேண்டிய இடம் அது. வெறுமையாக இருந்தது. யார் மேல் என்று தெரியாத ஒரு கோபம் அங்கேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

உன் வீட்டுக்காரிக்கு இத்தாவின் துக்க நாட்கள் முடிந்து சில வாரம் கழித்து, உங்கள் வீட்டுப் பின்பக்கம் கிடந்த என் சவுக்குக் கழிகளை எடுக்கப் போனேன். தங்கச்சி டீ கொடுத்தது. அப்போது மனசில் இருந்ததைக் கேட்டேவிட்டேன். உங்கள் வழக்கத்தில் குறுக்கே வரவில்லை தங்கச்சி, என் கொட்டகையில், தனியாக, அவனுக்கென்று ஒரு நாள் பாட்டு போடலாமா, மனசு சங்கடப்படுமா என்று கேட்டேன்.

தங்கச்சி சட்டென்று சிரித்தது. அழுகை வந்துவிடுமோ என்று பயந்தேன், வரவில்லை.

“உங்க கொட்டாய்ல நீங்க போட்டுக்குங்கண்ணே, நான் இன்னா சொல்லப்போறேன். ஆனா அவருக்குன்னு போடாதீங்க. அவரு வூட்டுக்குள்ள வந்தா ஒரு சத்தம் ஆவாது அவருக்கு. டிவி போட்டா திட்டுவாரு. புள்ளைங்க போன்ல பாட்டு கேட்டா புடுங்கி வெச்சுருவாரு. வெயில் காலத்துலகூட அந்த ஃபேன் கடகடன்னு சத்தம் போடுதுன்னு நிறுத்திட்டுப் படுப்பாரு. ஊருக்கெல்லாம் போட்டுப் போட்டு அவரு காதே செத்துப்போச்சுண்ணே. அவருக்கு வோண்டியது கெடச்சிருச்சு.”

நாற்பது வருஷத்துப் பழக்கம் என்று நான் பீற்றிக்கொள்வேன். இந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியாது. கழிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். கொட்டகையில் பாட்டு எதுவும் போடவில்லை.

தங்கச்சி சொன்னதை வைத்துப் பிறகு யோசித்துப் பார்த்தேன். உனக்கு வேண்டாம் என்றால் அந்தப் பாட்டு யாருக்கு வேண்டியிருந்தது? எனக்குத்தான். உன் சாவைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறேன். ரோட்டில் மாடு ஓட்டிக்கொண்டு போகிறவனைப் போல ஒரு நிமிஷம் நின்று, ஆமாம், எதுவும் நிலையில்லை என்று தலையாட்டிவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம். பாட்டு இருந்திருந்தால் நானும் தூரத்து ஆளாகியிருப்பேன். யாரும் போடவில்லை. அதனால் நான் இன்னும் உன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.