விரிசலின் நுனி

மார்ச் 3, செவ்வாய்

ஆற்று ரயில் பாலத்தின் மூன்றாவது கண்ணில், அடிச்சட்டத்தில் மயிரிழை விரிசல். கண்டுபிடித்தவள் நான்தான். நூறு வயதுப் பாலத்தில் இதெல்லாம் இருக்கும் என்றார் பெரிய இன்ஜினியர். "நுனியில ஒரு ஓட்டை போடும்மா, அதோட நின்னுடும்." குறி போட்டேன், ஓட்டை போட்டார்கள். ஓட்டையில் வந்து விழுந்த விரிசல் அதற்கு மேல் ஓடாது. எங்கள் வேலையில் பழைய வைத்தியம். வண்டிகள் இனி ஊர்ந்துதான் போக வேண்டும்.

மார்ச் 4

காலை ரயிலை ஓட்டுவது என் வீட்டுக்காரர். "உன் புண்ணியத்துல மாட்டு வண்டி ஓட்டறேன்" என்று கிண்டல். சிரித்து வைத்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 6

பாலத்துக்கு அடியில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து, அவர் வண்டி தலைக்கு மேல் போகும்போது விரிசலையே பார்த்தேன். லேசாகத் திறந்து மூடுகிறது. ஆனால் ஓட்டையோடு நின்றிருக்கிறது. நின்றுதானே இருக்கிறது?

மார்ச் 7

தூக்கமில்லை.

மார்ச் 9

குளிக்கும்போதுதான் உறைத்தது. குறி போடும் முன் பெயிண்டைச் சுரண்டினேனா? இல்லையே! பெயிண்ட் வெடித்திருந்த இடத்தோடு விரிசல் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அத்தனை பூச்சுக்கு அடியில் இரும்பு இன்னும் தள்ளிக் கிழிந்திருந்தால்? அவர் டியூட்டிக்குக் கிளம்பிப் போயாச்சு. ஈரத்தலையோடு ஓடினேன்.

சுரண்டச் சுரண்ட ஓட்டையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது, ஒரு சாண் தூரம். அக்கரையில் அவர் ரயில் ஊதியது. வாக்கி டாக்கியில் கத்தினேன்: "சிவப்பு போடுங்க! எதையும் விடாதீங்க!"

வண்டி பாலத்துக்கு முன்னால் நின்றது. பெரிய இன்ஜினியர் போனில் கத்தினார். "யாரைக் கேட்டு நிறுத்தினே?" யாரையும் கேட்கவில்லை, சார்.

மார்ச் 14

வெட்டி எடுத்த சட்டத்தை ஒர்க் ஷாப்பில் கிடத்தியிருந்தார்கள். முழுக்கக் கிழிய நாலு விரல் அகலம்தான் பாக்கி. பெரிய இன்ஜினியர் பார்த்துவிட்டு நாற்காலியைத் தேடினார். வீட்டுக்காரரும் வந்து தடவிப் பார்த்தார். கிண்டல் இல்லை.

திரும்பி நடந்து வரும்போது சொன்னார். "நீ விரிசல்னு சொன்னதுலேர்ந்து, பாலத்துல ஏறினதும் குதிக்கறதுக்கு வாகா கேபின் கதவைத் திறந்து வைப்பேன். பின்னாடி உக்காந்திருக்கற ஜனங்க ஞாபகம் வரும். மூடிடுவேன்."

"எப்பவாவதா?"

"தினமும்."

நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதேன்.