கோயில் மண்டபத்து முகாம்

ஞாயிறு, இரவு.

எங்கள் மகளிர் மன்றமும் ஜமாத்தும் கோயில் கமிட்டியும் சேர்ந்து இன்று தாராவியில் பெண்களுக்குக் கர்ப்பப்பைப் பரிசோதனை முகாம் நடத்தினோம். ஜமாத்துக்காரர்கள் தங்கள் மாடி ஹாலைத் தருவதாகச் சொன்னார்கள். காற்றோட்டமாக இருக்கும் என்று நாங்கள்தான் கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கினோம்.

பக்கத்துச் சந்து இசக்கியம்மாளை மட்டும் காணவில்லை. அவளுக்கு மாதக்கணக்காக உதிரப்போக்கு. அவளை மனதில் வைத்துத்தான் இந்த முகாமையே கேட்டேன். டாக்டரம்மா கிளம்பிப் போனபின் வெளியே வந்தால், செருப்பு விடும் இடத்தில் ஆதார் கார்டோடு உட்கார்ந்திருக்கிறாள்.

“காலையில இருந்து இங்கனதாம்க்கா இருக்கேன். ரத்தம் நிக்க மாட்டேங்கு. இதோட எப்படிக்கா கோயிலுக்குள்ள வருவேன்?”

ஏசத்தான் வாயெடுத்தேன். அவள் நிலையில் நானும் படி ஏறியிருக்க மாட்டேன்.