கண்ணாடிக்குள் நான் வரைந்த அழுகை

இன்று காலை, சாயம் கரைக்கும் டர்பன்டைன் டப்பாவைத் திறந்தேன். அந்த நெடியோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். யாரையும் பாவா என்றுதான் கூப்பிடுவீர்கள். உங்களை நான் வரைந்த மூன்று நாளும் என் எதிரே உட்கார்ந்து தும்மிக்கொண்டே, "இந்த நாத்தத்துக்குப் பயந்துதான் பாவா முருகன் மலைமேல ஏறி நின்னுகினான்" என்றீர்கள். சிரித்ததில் என் தூரிகை ஆடிப்போயிற்று.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம் அது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் கொட்டகை போட்ட நாடகக் கம்பெனி, தன் ஹாஸ்ய நடிகரான உங்கள் படத்தை வாசலில் வைக்கக் கேட்டது. மேடையில் நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே ஜனங்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை மட்டும் வரைவது எனக்குப் போதவில்லை. ஆழமாக எதையோ சொல்லிவிட வேண்டும் என்ற கர்வம். சிரிக்கும் உங்கள் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, அதற்குள் உங்கள் முகமே அழுவதாக வரைந்தேன்.

பார்த்ததும் கேட்டீர்கள்: "நான் எப்ப பாவா அழுதேன்?"

"சிரிக்க வைக்கிறவன் உள்ளுக்குள்ள அழுவான். அதுக்கு அடையாளம் இது" என்றேன்.

கம்பெனிக்காரர்களுக்குப் பிடித்துவிட்டது. படம் வாசலில் ஏறிய மறுநாளே ஊர் வாய் திறந்தது. பிள்ளையில்லாத ஏக்கமாம், வீட்டில் நிம்மதியில்லையாம். உங்கள் மனைவி என்னைத் தேடி வந்தார்.

"எனக்குத் தெரியாம அவருக்கு இன்னாங்க துக்கம்? கேட்டா ஒண்ணுமில்லேன்னு சிரிச்சிகினு போறாரு."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "கலைஞன் மனசு உங்களுக்குப் புரியாதும்மா" என்று அனுப்பிவிட்டேன்.

அன்று மாலை நீங்கள் வந்தீர்கள். "அந்தக் கண்ணாடிய மட்டும் அழிச்சிடு பாவா. அவ சோறு துன்னல." உங்கள் குரலில் வேடிக்கை இல்லாததை அன்றுதான் முதலில் கேட்டேன். வரைந்ததை அழிக்க மாட்டேன் என்றேன்.

கம்பெனி பள்ளிப்பட்டுக்குப் போயிற்று. அங்கே காய்ச்சலில் நீங்கள் போய்விட்டதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். எல்லாம் முடிந்திருந்தது. உங்கள் மனைவியிடம் சொன்னேன்: "அவருக்கு ஒரு துக்கமும் இல்லம்மா. அந்த அழுகை நானா வரைஞ்சது."

அவர், "கடைசி வரிக்கும் கேட்டுகினே இருந்தேங்க. இல்லேன்னுதான் சொன்னாரு. நான் நம்பல" என்றார்.

அதற்குப்பின் யாரை வரைந்தாலும், அவர்கள் வீட்டாரைக் கூப்பிட்டு, "இது அவருதானா?" என்று கேட்காமல் படத்தைக் கொடுப்பதில்லை. "ஆங், அவருதாங்க" என்று அவர்கள் முகம் மலரும்போதெல்லாம், நான் கேட்கத் தவறிய உங்கள் மனைவிதான் எதிரே நிற்கிறார்.